மூன்றாவது சென்சார்

எங்கள் ஊரில் ஒருவர் உங்களைச் சந்தேகப்படுகிறார் என்றால் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார். மரியாதை கூடும், அவ்வளவுதான். நேற்றுவரை "ஏனுங்ணா" என்று கூப்பிட்டவர் இன்றைக்கு "ஏனுங்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க, ஒண்ணு கேக்கலாமுங்களா" என்று ஆரம்பித்தால் சங்கதி முற்றிவிட்டது என்று அர்த்தம். இருபத்திரண்டு வருடமாகக் கோயமுத்தூர் கணபதியில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். ஒருவர்கூட என்னை நேருக்கு நேர் திருடன் என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன்.

அந்த அம்மணியும் அப்படித்தான் கேட்டாள். "தப்பா நெனச்சுக்காதீங்ணா. கழட்டுன பழைய பார்ட்ட மட்டும் குடுத்துடறீங்களா? சும்மா, ஊட்டுல இருக்கட்டும்."

வீட்டில் வைத்துக் கும்பிடவா போகிறாள்? எனக்குச் சுருக்கென்றது. அதைப் பழைய துணியில் சுற்றி அவள் கையில் கொடுத்தேன்.

அவள் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போகிறவள். சொந்தமாக ஏழு சீட்டு பெட்ரோல் வண்டி. கணவர் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. வீட்டில் அம்மாவும் ஒரு மகளும். விளாங்குறிச்சிப் பக்கம் ஒரே அப்பார்ட்மென்டில் எட்டுப் பிள்ளைகள் அவளிடம் வந்தார்கள். காலையில் ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளியில் விட்டு, மூன்றரைக்குத் திரும்ப அழைத்து வருவாள். அந்த எட்டுப் பிள்ளைகள் இல்லாவிட்டால் வண்டி பேங்க்காரன் கைக்குப் போய்விடும். இது எனக்குத் தெரியும். ஆறு வருடமாக வண்டியை என்னிடம்தான் விட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அவர்கள் பேசுவது தெலுங்கு. என் கடையில் உட்கார்ந்துகொண்டு போனில் அம்மாவிடம் தெலுங்கில் பேசுவாள். எனக்கு ஒரு வார்த்தை புரியும், அடுத்தது புரியாது. அந்த ஜூலை மாதத்தில் அவள் தெலுங்கில் என்னைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பாதியாவது சரியாகத்தான் இருந்திருக்கும்.

ஆரம்பித்தது ஆயில் கசிவில். மே மாதக் கடைசியில், எஞ்சின் தலைமேல் இருக்கும் வால்வு மூடியின் ஓரத்தில் ஆயில் வேர்க்கிறது என்று கொண்டுவந்தாள். மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் விறைத்துப் போயிருந்தது. புது ரப்பர் வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். அவளுக்கோ மறுநாள் காலை பழனிக்கு ஒரு சவாரி. சரி என்று பழைய ரப்பரையே துடைத்து வைத்து, சிலிக்கான் பேஸ்ட் போட்டு மூடிக் கொடுத்தேன். கசிவு நின்றது.

ஜூனில் பள்ளி திறந்தது. மூன்றாவது வாரம் டேஷ்போர்டில் மஞ்சளாக எஞ்சின் விளக்கு எரிகிறது என்று வந்து நின்றாள். சிக்னலில் நின்றால் எஞ்சின் இருமி இருமி அணைந்துவிடுகிறது. திரும்பப் போட்டால் எடுக்கிறது. "பின்னால இருக்கறவன் ஆரன் அடிக்கறானுங்ணா, பசங்க பயப்படுதுங்க" என்றாள்.

ஸ்கேனரைச் சொருகினேன். ஆக்சிஜன் சென்சார் என்று வந்தது. சைலன்சர் குழாயில், எஞ்சினுக்குச் சற்றுக் கீழே, ஸ்பார்க் பிளக் அளவில் திருகியிருக்கும் சமாச்சாரம் அது. எரிந்து வெளியேறும் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மீதம் இருக்கிறது என்று பார்த்து, பெட்ரோல் கூடுதலா குறைவா என்று வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். குழம்பில் உப்புப் பார்க்கிற நாக்கு மாதிரி. நாக்கில் மாவு படிந்திருந்தால் சமையல்காரி உப்பை அள்ளிப் போடுவாள், அல்லது போடாமலே விட்டுவிடுவாள். நல்ல சென்சாரின் கோடு திரையில் விறுவிறுவென்று ஏறி இறங்கும். இவள் வண்டியில் அது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தவன் போலக் கிடந்தது.

ஸ்கேனர் சென்சார் என்று சொன்னதும் சென்சாரைக் கழற்றுகிறவன் நானில்லை. பெட்ரோல் பம்ப் அழுத்தம் சரியில்லாவிட்டாலும், பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் ஒழுகினாலும், எங்கேயாவது குழாயில் காற்று புகுந்தாலும் அதே விளக்குதான் எரியும். அழுத்தம் பார்த்தேன், சரி. இன்ஜெக்டர் நாலையும் கழற்றிக் கழுவினேன். பெட்ரோல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், சைலன்சர் மூட்டு, ஒயர் எல்லாம் பார்த்தேன். ஒன்றுமில்லை. கடைசியில்தான் காந்திபுரத்தில் என் வழக்கமான ஸ்பேர் கடையில் ஒரிஜினல் சென்சார் வாங்கி மாட்டினேன். வால்வு மூடியின் ஒரு மூலையில் லேசாக ஆயில் தெரிந்தது. அதையும் விடுவானேன் என்று திறந்து, இன்னும் தாராளமாகப் பேஸ்ட் போட்டு மூடினேன். விளக்கு அணைந்தது. அவளும் சிரித்த முகமாகப் போனாள்.

மூன்றே வாரம். மறுபடியும் அதே மஞ்சள் விளக்கு.

பழைய பார்ட்டைக் கேட்டது அப்போதுதான். நான் டூப்ளிகேட் மாட்டிவிட்டேன் என்று நினைக்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆறு வருடம்! ஆனால் கோபத்தை அவள்மேல் காட்ட முடியாது, காட்டினால் ஊர் சிரிக்கும். ஆகவே நானும் என் பங்குக்குச் சந்தேகப்பட ஆரம்பித்தேன்.

முதல் சந்தேகம் பெட்ரோல்மேல். எங்கேயோ மலிவாகக் கலப்படச் சரக்கை வாங்கி ஊற்றுகிறாள் என்று முடிவு கட்டினேன். "ஏனம்மணி, எந்த பங்க்குல போடறீங்க?" என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன்.

"எப்பவும் போடற பங்க்குலதானுங்ணா. ஏனுங்க?"

"இல்ல, சும்மா."

அவள் டீ குடிக்கப் போன நேரத்தில் டேங்க்கிலிருந்து ஒரு பாட்டில் பெட்ரோல் எடுத்து ஒளித்து வைத்தேன். என் கடையில் நானே திருடன் போல நின்றேன். அவள் போனபின் ஃபில்டர் பேப்பரில் ஒரு சொட்டு விட்டேன். கலப்படமாக இருந்தால் காய்ந்தபிறகு கறை நிற்கும். சுத்தமாகக் காய்ந்து பேப்பர் வெள்ளையாக இருந்தது. நம்பவில்லை. இன்னொரு பேப்பர். அதுவும் வெள்ளை. பேப்பரே சரியில்லை என்று தோன்றியது, பாருங்கள்!

இரண்டாவது சந்தேகம் அவள் வேறு கடைக்குப் போகிறாள் என்று. சரவணம்பட்டியில் புதிதாக ஏசி போட்டு, காபி மெஷின் வைத்து ஒரு ஒர்க்‌ஷாப் திறந்திருந்தார்கள். அங்கே யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று பானெட்டைத் திறந்து துழாவினேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன். நான் மாட்டிய சென்சாரின் ஒயர் கிளிப்பில் சிவப்பாக ஒரு பொட்டு. நெயில் பாலிஷ். நான் சென்சாரை மாற்றிவிடுவேனோ என்று அடையாளம் வைத்திருக்கிறாள்.

அன்றைக்கு மதியம் சாப்பிட முடியவில்லை. வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நீங்க பெட்ரோல் திருடுனீங்க, அவ பொட்டு வெச்சா. செரியாப் போச்சு போங்க" என்றாள்.

இந்தச் சந்தேகக் கூத்தில் ஒரு வாரம் ஓடிவிட்டது. மறுபடியும் இன்ஜெக்டரைக் கழுவி, ஒயரைச் சுத்தம் செய்து, "ரெண்டு நாள் ஓட்டிப் பாருங்கம்மணி" என்று அனுப்பினேன். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவிநாசி ரோடு மேம்பாலத்தின்மேல், எட்டுப் பிள்ளைகளோடு வண்டி நின்றுவிட்டது. இந்த முறை திரும்ப எடுக்கவே இல்லை. பின்னால் பஸ், லாரி. வெயில். சின்னது இரண்டும் அழ, யாரோ பைக்கில் வந்த இரண்டு பேர் தள்ளி ஓரம் கட்டியிருக்கிறார்கள். பெரிய பிள்ளை ஒன்று அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டது.

ராத்திரிக்குள் இரண்டு வீட்டார் கும்பிடு பொம்மை போட்டு மெசேஜ் அனுப்பிவிட்டார்கள், இனி நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று. மீதி ஆறு வீட்டார், ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு அப்பார்ட்மென்டுக்கு வாங்க, பேசி முடிவு பண்ணலாம் என்றார்கள். என்ன முடிவு என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலை வண்டியைக் கட்டி இழுத்து வந்து விட்டாள். அன்றைக்குக் கெஞ்சவுமில்லை, திட்டவுமில்லை. "நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள முடியுமுங்களா?" என்று மட்டும் கேட்டாள். கண் வீங்கியிருந்தது. எனக்குப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. பெட்ரோலைக் கெடுத்தவள் நீதானே என்று மனதுக்குள் ஒரு மூலை இன்னும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை முழுக்க எல்லாவற்றையும் கழற்றினேன். வால்வு மூடியையும் திறந்து உள்ளே பார்த்தேன். எங்கும் குறையில்லை. வழக்கம்போலப் பேஸ்ட் போட்டு மூடினேன். சென்சாரைக் கழற்றிப் பையில் போட்டேன். பெட்ரோல்மேல் குற்றம் சொல்ல வழியில்லாததால் இப்போது என் சந்தேகம் ஸ்பேர் கடைக்காரர்மேல் போயிருந்தது. அவர்தான் ஒரிஜினல் பெட்டியில் டூப்ளிகேட்டைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். வேறு என்ன இருக்க முடியும்?

ஞாயிறு காலை அவர் கடைக்குப் போகிற வழியில் அவள் வீட்டில் நிறுத்தி, முன்பு கொடுத்த பழைய பார்ட்டையும் வாங்கிக்கொண்டேன். துணியைக்கூட அவிழ்க்காமல் பீரோவில் வைத்திருந்தாள். ஒப்பிட்டுப் பார்க்க அவளுக்கு ஆளில்லை போலிருக்கிறது.

கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்துதான் ஷட்டரைத் தூக்குவார், அதுவும் அரை நாள்தான். எட்டு மணிக்கே போய் மூடின கடைக்கு முன்னால் நின்றேன். ஒன்பதரைக்கு வெள்ளைச் சட்டையில் வந்தார். சட்டை கசங்கும் முன்பே நான் பிடித்துக்கொண்டேன்.

"பூசை முடிச்சுட்டுத்தான வர்றீங்க? இப்ப சொல்லுங்க. எனக்குக் குடுத்தது ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?"

மனிதர் அசரவில்லை. "மொதல்ல உக்காருங்க" என்றார். இரண்டு சென்சாரையும் வாங்கி, கவுண்டரில் பேப்பர் விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ஒண்ணு வண்டியோட வந்தது. ஒண்ணு நான் குடுத்தது. ரெண்டுக்கும் மூஞ்சியப் பாருங்க."

பார்த்தேன். இரண்டின் முனையிலும் திருநீறு பூசினாற்போல வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. விரலால் தேய்த்தேன், போகவில்லை.

"பெட்ரோல் அதிகமா எரிஞ்சா கறுப்பா இருக்கும். ஆயில் எரிஞ்சா பழுப்பா இருக்கும். இது வெள்ளை. சிலிக்கான் எரிஞ்சா இப்படித்தான் வெள்ளையாப் படியும்."

"பெட்ரோல்ல ஏதுங்க சிலிக்கான்?"

"பெட்ரோல்ல இல்லீங்க" என்றார். அலமாரியிலிருந்து ஒரு பேஸ்ட் டியூபை எடுத்து என் முன்னால் வைத்தார். சென்சாரைக் கெடுக்காது என்று அதன் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் அச்சடித்திருந்தது. நான் வாங்குகிற டியூபில் அது கிடையாது. நான் வாங்குவது மோட்டார் பம்ப் சாமான் விற்கிற கடையில்.

இதை நான் சொல்லியாக வேண்டும். கார் வேலைக்கு வருவதற்கு முன்னால் பதினோரு வருடம் பம்ப் செட் மாட்டுகிற ஷெட்டில் இருந்தேன். கோயமுத்தூரில் என் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்குக் கை பழகியது பம்பில்தான். அங்கே மூட்டுக்கு மூட்டு பேஸ்ட். இறுக்கும்போது நாலு பக்கமும் பிதுங்கி வெளியே வந்தால்தான் வேலை சுத்தம். பிதுங்காத பம்ப் திரும்பி வரும், கிணற்றில் இறங்கியதும் ஒழுகும். தண்ணீருக்கு அது சரி. கார் எஞ்சினிலும் நான் இருபத்திரண்டு வருடமாக அதையேதான் செய்துகொண்டிருந்தேன். பழைய கார்களில் சென்சார் இல்லை, ஆகவே தப்பும் தெரியவில்லை. புதிய கார்களில் எத்தனை சென்சாரைக் கெடுத்தேனோ, யார் யாரைக் குற்றம் சொன்னேனோ!

புது ரப்பரும் மூன்றாவது சென்சாரும் வாங்கிக்கொண்டு என் கடைக்கு ஓடி வந்தேன். வால்வு மூடியிலிருந்து எஞ்சின் மூச்சுவிடும் குழாய் ஒன்று காற்று உறிஞ்சும் பக்கத்துக்குப் போகும். அதைப் பிடுங்கி மூக்கருகே வைத்தேன். குப்பென்று புளித்த காடி வாடை. முந்தின நாள் நான் போட்ட பேஸ்ட் காயும் வாடை. அந்த ஆவி இந்தக் குழாய் வழியாக உள்ளே போய், எரிந்து, சென்சார் முனையில் வெள்ளையாக உட்காருகிறது. மூடியைத் திறந்தேன். உள்பக்கம் விரல் மொத்தத்துக்குப் பேஸ்ட் பிதுங்கி நின்றது, பம்பில் நிற்பது போலவே. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் பெட்ரோல் கோணல் என்றேன், கடைக்காரர் கோணல் என்றேன், ஒரு பெண்பிள்ளையை இரண்டு வாரம் மனதுக்குள் கோணல் என்றேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

துளி விடாமல் சுரண்டி எடுத்தேன். குழாயைக் கழுவினேன். புது ரப்பரைப் பேஸ்ட் இல்லாமல் வைத்து மூடி, சென்சாரை மாட்டினேன். ஓட்டிப் பார்த்தேன். சரவணம்பட்டி வரைக்கும் போய் வந்தேன், எல்லாச் சிக்னலிலும் வேண்டுமென்றே நின்றேன். அணையவில்லை. திரையில் கோடு விறுவிறுவென்று ஏறி இறங்கியது.

நாலு மணிக்கு அவள் வந்தாள். சாவியைக் கொடுத்து அனுப்பிவிடலாம். சென்சார் கம்பெனிக் கோளாறு என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"அம்மணி, உங்க பெட்ரோல்ல ஒண்ணுமில்ல. பார்ட்டும் ஒரிஜினல்தான். நான் பூசுன பேஸ்ட்தான் ரெண்டு சென்சாரையும் தின்னுபோட்டுது. தப்பு என் கையிலதானுங்க."

அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். "பாலத்து மேல பசங்க அழுதுச்சுங்ணா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நானும் வாரேன். உங்க மேல தப்பில்லைனு அவங்ககிட்ட நானே சொல்றேன்" என்றேன். வேண்டாம் என்றாள். நான் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

அப்பார்ட்மென்டின் கீழே, பிள்ளைகள் விளையாடும் இடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். ஆறு வீட்டுப் பெற்றோரும் இருந்தார்கள். எங்களுக்கு ஜூஸ் கொடுத்தார்கள். நான் நின்றுகொண்டே சொன்னேன். பேஸ்ட், வெள்ளைப் பொடி, குழாய் எல்லாம் சொன்னேன். சென்சாரையும் காட்டினேன். ஓட்டுகிறவளிடம் ஒரு குறையும் இல்லை, விளக்கு எரிந்த அன்றைக்கே ஒவ்வொரு முறையும் என்னிடம் கொண்டுவந்தாள், நான்தான் கெடுத்தேன் என்றேன். வாழ்க்கையில் பத்துப் பேருக்கு முன்னால் அப்படி நான் பேசியதில்லை. காது இரண்டும் எரிந்தது.

அவர்கள் தள்ளிப்போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு அம்மா பேசினார். "நீங்க வந்து உண்மையச் சொன்னதுக்கு நெம்ப தேங்க்ஸ்ங்க. நாங்க இவங்களையே வெச்சுக்கறோம். ஆனா ஒரே ஒரு கண்டிஷனுங்க. இந்த வண்டி இனிமே உங்க கடைக்கு..."

அந்த அம்மா முடிக்கவில்லை. நான் அம்மணியைத் திரும்பிப் பார்த்தேன். ஆறு வருடப் பழக்கம். இந்த அண்ணன் தானாக வந்து சொன்னவருங்க, இனிமேல் இவரைவிடப் பத்திரமாக யார் பார்ப்பார்கள் என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

"செரிங்க, போகாதுங்க" என்றாள்.

திரும்பும்போது கடையில் இறக்கி விடுகிறேன் என்றாள். பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன் என்று வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி எறிந்தேன்.

"ஒரு நிமிசம் யோசிச்சிருக்கலாமல்ல? பேச்சுக்காவது யோசிச்சிருக்கலாமல்ல?" என்று வீட்டுக்காரியிடம் கத்தினேன்.

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். "ஆறு பசங்க ஏர்ற வண்டிங்க. அவ எதுக்கு யோசிக்கோணும்?"

தட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த வண்டியில் என் பிள்ளை போவதாக இருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். நானும் அதையேதான் சொல்லியிருப்பேன், அவளைவிடச் சீக்கிரமாக.